ஆஸ்பத்திரியில அடிதடி வராம தடுக்க சைக்காலஜிஸ்ட் என்ன செய்யலாம்: ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும்

ஆஸ்பத்திரியில யாராவது டாக்டரையோ சிஸ்டரையோ கைநீட்டி அடிச்சுட்டாங்கன்னா எனக்கு போன் வர்றது அடுத்த நாள் காலையில பத்து மணிக்கு. "மேடம், நைட்டு காஷுவால்டில பிரச்சனை ஆயிடுச்சு, அந்தப் பொண்ணு அழுதுட்டே இருக்கா, கொஞ்சம் வந்து பேசுங்களேன்." போவேன், பேசுவேன், அது என் வேலை தான். ஆனா அடி விழுந்தது ராத்திரி பதினொன்றரைக்குன்னா விஷயம் ஆரம்பிச்சது சாயங்காலம் ஏழு மணிக்கு, நடுவுல இருக்கற அந்த நாலரை மணி நேரத்துல தான் எங்க படிப்புக்கு நிஜமான வேலை இருக்கு. அதை யாரும் எங்ககிட்ட கேக்கறதில்ல, நாங்களும் வலிய போய் நிக்கறதில்ல.

என்னை மாத்துனது ஒரு கேஸ். எந்த ஊரு எந்த ஆஸ்பத்திரின்னு வேண்டாம். நெஞ்சு வலின்னு ஒரு பெரியவரை மகன் பைக்ல உக்கார வச்சு கூட்டிட்டு வந்தாரு. ஏழு மணிக்கு ஈ.சி.ஜி., அப்புறம் ரத்தம் எடுத்தாங்க, மருந்து போச்சு, மறுபடி ஈ.சி.ஜி., எல்லாமே முறைப்படி நடந்துச்சு. மகன் வெளியில பெஞ்சுல உக்காந்திருந்தாரு. பதினோரு மணிக்கு மேல அப்பாவுக்கு திடீர்னு இதயம் நின்னு போச்சு, இருபத்தி மூணு வயசு ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி டாக்டர்) பொண்ணு மாத்தி மாத்தி சி.பி.ஆர். (நெஞ்சை அழுத்தி இதயத்தை ஓட வைக்கற முயற்சி) குடுத்தா, காப்பாத்த முடியல. அவளே வெளிய வந்து வராண்டாவுல நின்னுகிட்டு "எங்களால முடிஞ்சத பண்ணிட்டோம்"னு சொன்னா, கன்னத்துல அறை விழுந்துச்சு. சி.பி.ஆர். குடுத்த கை அப்பவும் நடுங்கிட்டு தான் இருந்துச்சாம்.

பிறகு நான் ரெண்டு பக்கமும் பேசுனேன். அந்த மகன் நாலு மணி நேரத்துல ஆறு பேர்கிட்ட கேட்டிருக்காரு, செக்யூரிட்டி, சிஸ்டர், ட்ராலி தள்றவர், லேப்காரர்னு. ஆறு பேரும் சொன்ன பதில் ஒண்ணு தான்: "டாக்டர் சொல்வாரு." அவர் கணக்குல அவங்கப்பாவை நாலு மணி நேரம் யாருமே பாக்கல. உள்ள அத்தனை வேலை நடந்தது அவருக்குத் தெரியாது. அடிச்சது தப்பு, குற்றம், அதுல எனக்கு ரெண்டாவது கருத்து இல்ல. ஆனா அந்த நாலு மணி நேரத்துல யாராவது ஒருத்தர் நாலு தடவை வெளிய வந்து பேசியிருந்தா அந்த அறை விழுந்திருக்காதுன்னு இன்னிக்கும் நம்பறேன். கீழ எழுதறது எல்லாம் அந்த நம்பிக்கையில இருந்து வந்தது தான். ஆஸ்பத்திரியில வேலை பாக்கற சைக்காலஜிஸ்டுக்காக எழுதறேன், ஆனா நர்சிங் சூப்பரிண்டெண்ட், ஆர்.எம்.ஓ. (ஆஸ்பத்திரி நிலைய மருத்துவ அலுவலர்) யார் படிச்சாலும் பயன்படும்.

முதல் வேலை: யார் அடிக்கறாங்கன்னு பிரிச்சுப் பாருங்க

எல்லா வன்முறையையும் ஒரே சட்டியில போட்டா ஒண்ணையும் தடுக்க முடியாது.

முதல் வகை, நோயே அடிக்க வைக்கறது. கால் உடைஞ்சு ஆர்த்தோ வார்டுல அட்மிட் ஆனவரு, ரெண்டு நாள் சாதுவா இருந்துட்டு மூணாவது நாள் ராத்திரி ட்ரிப்ஸை பிடுங்கிப் போட்டு சிஸ்டரை தள்ளிவிடறாரு, சுவத்துல பூச்சி ஓடுதுங்கறாரு. தினமும் குடிக்கறவருக்கு திடீர்னு குடி நின்னா கடைசி கிளாஸ்ல இருந்து ரெண்டு மூணு நாள்ல இப்படி ஆகும், உயிருக்கே ஆபத்தான நிலைமை இது. அதே மாதிரி சுகர் இறங்குனவங்க, தலையில அடிபட்டவங்க, காய்ச்சல்லயும் உப்பு குறைஞ்சும் குழம்பிப் போன வயசானவங்க. இவங்ககிட்ட போய் நியாயம் பேசக்கூடாது, உடனே டாக்டர் பாக்கணும். இங்க நம்ம வேலை முன்கூட்டியே நடக்கணும், அட்மிஷன் அப்பவே குடியைப் பத்தி ஒழுங்கா கேக்க ஸ்டாஃபுக்கு சொல்லித் தரணும். மனைவி பிள்ளைங்க முன்னாடி "குடிப்பீங்களா?"ன்னு கேட்டா இல்லன்னு தான் சொல்வாரு. தனியா, குரலை இறக்கி, "அண்ணே, மருந்து சரியா குடுக்கறதுக்காக கேக்கறேன், கடைசியா எப்ப சாப்பிட்டீங்க, ஒரு நாளைக்கு எவ்வளவு?"ன்னு கேட்டா உண்மை வரும். அந்த ஒரு கேள்வி கேஸ் ஷீட்டுல ஏறியிருந்தா மூணாவது நாள் ராத்திரிக்கு டாக்டர் முன்னாடியே மருந்து எழுதி வச்சிருப்பாரு.

ரெண்டாவது, பயத்துலயும் துக்கத்துலயும் வர்ற கோபம். அந்த மகன் கேஸ் மாதிரி. என் அனுபவத்துல காஷுவால்டி சண்டைகள்ல பெரும்பாலும் இது தான், நாம அதிகமா தடுக்க முடியறதும் இது தான்.

மூணாவது, நாள்கணக்கா மனசுல ஊறி வர்றது. 2024 நவம்பர் 13ஆம் தேதி சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில புற்றுநோய் டாக்டரை ஓ.பி. அறையிலயே கத்தியால குத்துனாங்க, குத்துனவர் அங்க சிகிச்சை எடுத்த ஒரு அம்மாவோட மகன். இந்த மாதிரி மனக்குறை ஒரே நாள்ல பொங்கறது இல்ல, அதுக்கு முன்னாடி எங்கயாவது புகாரா, வாக்குவாதமா, "பாத்துக்கறேன்"னு ஒரு வார்த்தையா வெளிய எட்டிப் பாக்க வாய்ப்பு இருக்கு. அதைக் காது குடுத்து கேக்க ஆஸ்பத்திரியில ஒரு இடம் வேணும்.

போலீஸ் கூட்டிட்டு வர்றவங்களையும் தனியா யோசிக்கணும். 2023 மே 10ஆம் தேதி கேரளாவுல கொட்டாரக்கரை தாலுகா ஆஸ்பத்திரியில ஹவுஸ் சர்ஜன் வந்தனா தாஸை குத்திக் கொன்னவர், காயத்துக்கு மருந்து போட போலீஸே கூட்டிட்டு வந்தவர் தான். அங்கயே கிடைச்ச கத்தரிக்கோலால தான் குத்துனாரு. போலீஸ் கூட இருக்குன்னா பாதுகாப்புன்னு நாம நினைக்கறோம், அப்படி இல்ல. (ஸ்டாஃபுக்குள்ளயே நடக்கற மிரட்டல், பாலியல் தொல்லை, சீனியர் ஜூனியரைப் படுத்தறது எல்லாமும் வன்முறை தான், ஆனா அதுக்கு வேற வழி, வேற கமிட்டி, இங்க அதுக்குள்ள போகல.)

ரெண்டாவது: ஒரு பக்க ஃபார்ம்

வேலை பாக்கற காலத்துல எப்பவாவது ஒரு தடவை 8 முதல் 38 சதவீதம் வரை சுகாதாரப் பணியாளர்கள் உடல் ரீதியா தாக்கப்படறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, இது அடி மட்டும், திட்டும் மிரட்டலும் சேராது. ஆனா உங்க ஆஸ்பத்திரி ரெக்கார்டைப் பாத்தா வருஷத்துக்கு ரெண்டு கேஸ் இருக்கும். ஏன்னா யாரும் எழுதறதில்ல, "இதெல்லாம் டியூட்டில சகஜம்"னு சிஸ்டரே சொல்லிடுவாங்க.

அதனால ஒரே பக்கத்துல, மூணு நிமிஷத்துல எழுதி முடிக்கற மாதிரி தமிழ்ல ஒரு ஃபார்ம் போடுங்க. எந்த இடம், எத்தனை மணி, திட்டா, மிரட்டலா, தள்ளுனாங்களா, அடியா. முக்கியமான கேள்வி கடைசியில வரணும்: இதுக்கு முன்னாடி ஒரு மணி நேரத்துல அங்க என்ன நடந்துச்சு? எழுதுறவங்க பேரு கட்டாயம் இல்லன்னு வைங்க. ஹவுஸ்கீப்பிங் அக்காங்க, லிஃப்ட் ஆபரேட்டர், செக்யூரிட்டி இவங்களையும் சேருங்க, எழுத வராதவங்க வாயால சொன்னா நீங்க எழுதிக்கோங்க. ரெண்டு மாசத்துல ஒரு வரைபடம் கிடைக்கும், எந்த வார்டு, எந்த நேரம்னு. நான் பாத்த ஒரு இடத்துல ஷிப்ட் மாறுற ராத்திரி எட்டு மணிய சுத்தி தான் கேஸுங்க குவிஞ்சு கிடந்துச்சு, ஏன்னா போற சிஸ்டர் வர்ற சிஸ்டர்கிட்ட பேஷண்டை ஒப்படைக்கறாங்க, வெளிய நிக்கறவரை யாரும் ஒப்படைக்கறதில்ல.

மூணாவது: பெஞ்சுல போய் உக்காருங்க

இது யாரும் செய்யாத வேலை, ஒரு பைசா செலவில்லாத வேலை. கோட், ஐ.டி. கார்டு எல்லாத்தையும் கழட்டிட்டு காஷுவால்டி வெளிய பெஞ்சுல சாயங்காலம் ஆறுல இருந்து பத்து வரைக்கும் உக்காருங்க. தண்ணி எங்க இருக்கு, பாத்ரூம் பூட்டியிருக்கா, ஃபேன் ஓடுதா, பேரு கூப்பிடறது காதுல விழுதா, நமக்குப் பின்னாடி வந்தவரை முன்னாடி உள்ள விடும்போது வயித்துல என்ன ஆகுதுன்னு பாருங்க. நான் உக்காந்த அன்னிக்கு ஒரு கதவு, ஆட்டோமேட்டிக்கா சாத்திக்கற கதவு, ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் பெஞ்சுல இருந்த அத்தனை பேரும் எந்திரிச்சு நிப்பாங்க, நம்ம பேரைக் கூப்பிடுவாங்களோன்னு, சாத்துனதும் உக்காருவாங்க. ஒரு மணி நேரத்துல நாப்பது தடவைக்கு மேல எண்ணினேன், அப்புறம் விட்டுட்டேன். அந்த நாப்பது ஏமாற்றமும் ஒரே உடம்புல தான் சேருது.

உள்ள போயும் பாருங்க. டாக்டர் உக்கார்ற நாற்காலி கதவுக்குப் பக்கமா, இல்ல டேபிளுக்கு பின்னாடி மூலையில மாட்டிக்கற மாதிரியா? கத்தரிக்கோல், பிளேடு இருக்கற ட்ரே கை எட்டற தூரத்துலயா? தனியா ராத்திரி சிஸ்டர் நடக்கற வழியில லைட் இருக்கா? இதையெல்லாம் எழுதி படம் போட்டு ஆர்.எம்.ஓ.கிட்ட குடுக்கறதும் சைக்காலஜிஸ்ட் வேலை தான், இடம் மனசை ஆட்டுது.

நாலாவது: அரை மணிக்கு ஒரு தகவல்

இதை மட்டும் செஞ்சா கூட போதும்னு சொல்லுவேன். ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஒரு ஆளு, எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி) படிச்சவரோ பயிற்சி குடுத்த அட்டெண்டரோ, அவங்க வேலையே அரை மணிக்கு ஒரு தடவை வெளிய வந்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வரி சொல்றது. புதுசா எதுவும் இல்லன்னா அதையும் சொல்லணும்: "ஐயா, ரத்த டெஸ்ட் ரிசல்ட் இன்னும் வரல, ஒன்பது மணி ஆகும், அப்பா முழிச்சு தான் இருக்காரு, நான் ஒன்பதுக்கு மறுபடி வர்றேன்." ஒன்பதுக்கு வரணும். வரலன்னா சொல்லாமயே இருந்திருக்கலாம்.

அடுத்தது ட்ரையாஜ், அதாவது அவசரத்தை வச்சு யாரை முதல்ல பாக்கணும்னு பிரிக்கறது. தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகள்ல TAEI (விபத்து, அவசர சிகிச்சைக்கான அரசுத் திட்டம்) கீழ வர்ற எமர்ஜென்சி பிரிவுகள்ல சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு பிரிச்சு தான் பாக்கறாங்க, நல்ல முறை. ஆனா வெளிய நிக்கறவருக்கு அது தெரியாது, அவருக்குத் தெரியறது ஒண்ணு தான், "பின்னாடி வந்தவனை முன்னாடி விட்டான், ஆளு தெரிஞ்சவன் போல." பெஞ்சுக்கு எதிர்ல பெரிய எழுத்துல ஒரு போர்டு: மூச்சு, நெஞ்சு, ரத்தம் கொட்டறவங்களை வரிசை பாக்காம முதல்ல பாப்போம். நீங்க பச்சைன்னா உங்க உயிருக்கு இப்ப ஆபத்து இல்லன்னு அர்த்தம். இவ்வளவு தான்.

அஞ்சாவது: புயல் வர்றதுக்கு முன்னாடி காத்து மாறும்

மனநல வார்டுல ப்ரோசெட் செக்லிஸ்ட்னு ஒண்ணு இருக்கு, நார்வேயில உருவானது. குழப்பம், எரிச்சல், சத்தம் போட்டு அலம்பல் பண்றது, வாய் மிரட்டல், உடம்பால மிரட்டறது, பொருளை உடைக்கறதுன்னு ஆறு விஷயம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு மார்க், மூணும் அதுக்கு மேலயும் வந்தா அடுத்த ஒரு நாளுக்குள்ள அடிதடி வர வாய்ப்பு அதிகம்னு எடுத்துக்கிட்டு ஏற்பாடு பண்ணணும். ஒரு நிமிஷ வேலை, ஷிப்டுக்கு ஒரு தடவை.

காஷுவால்டிக்கு அஞ்சு அடையாளம் சொல்லித் தர்றேன், ஆஸ்திரேலியாவுல எமர்ஜென்சி பிரிவுல செஞ்ச ஆய்வுல இருந்து வந்தது. வெறிச்சுப் பாக்கறது, குரல் மாறுறது, பதட்டம், வாய்க்குள்ள முணுமுணுக்கறது, இங்கயும் அங்கயும் நடக்கறது. நம்ம ஊருக்கு நான் சேக்கற ஆறாவது ஒண்ணு இருக்கு: திரும்பத் திரும்ப போன் பண்றது. "நீ உடனே கிளம்பி வா, பசங்களையும் கூட்டிட்டு வா." பத்து மணிக்கு மேல வண்டி புடிச்சு வந்து இறங்கற சித்தப்பாவும் மாமாவும் நடந்த எதையும் பாக்காதவங்க, அவங்களுக்குத் தெரிஞ்சது போன்ல கேட்ட அழுகை மட்டும் தான். பெஞ்சுல நாலு மணி நேரம் இருந்தவரை விட இவங்க தான் சீக்கிரம் கைநீட்டுவாங்க. கூட்டம் வந்து இறங்குனா உடனே வெளிய போங்க, அதுல வயசுல மூத்தவரை, மத்தவங்க யார் முகத்தைப் பாக்கறாங்களோ அவரைக் கண்டுபிடிச்சு, "பெரியவரே, நீங்க வந்தது நல்லதாச்சு, உக்காருங்க, நடந்ததைச் சொல்றேன்"னு அவர்கிட்ட மட்டும் முழுசா சொல்லுங்க. மரியாதை கிடைச்ச பெரியவர் பத்து செக்யூரிட்டிக்கு சமம்.

ஆறாவது: சூடு ஏறிடுச்சுன்னா பேசுற முறை

இதை லெக்சர்ல சொல்லித் தர முடியாது. ரெண்டு ரெண்டு பேரா நிக்க வச்சு நடிச்சுப் பழகணும், மூணு மாசத்துக்கு ஒரு தடவை திரும்பப் பழகணும்.

ரெண்டு கை நீளம் தள்ளி நில்லுங்க, நேருக்கு நேர் இல்லாம கொஞ்சம் பக்கவாட்டா திரும்பி. கை ரெண்டும் வெளிய தெரியணும். வாசல் ரெண்டு பேருக்கும் திறந்திருக்கணும், அவரும் மாட்டிக்கிட்ட மாதிரி உணரக்கூடாது, நீங்களும் மாட்டிக்கக்கூடாது. தோள்ல கை வைக்காதீங்க. ஒருத்தர் மட்டும் பேசணும், மத்தவங்க பின்னாடி. "அமைதியா இருங்க", "கத்தாதீங்க", "எத்தனை பேஷண்ட் இருக்காங்கன்னு தெரியுதா?" இந்த மூணையும் அகராதியில இருந்தே எடுத்துடுங்க. எப்படிப் பேசறதுன்னு கேட்டா இப்படி:

"அண்ணே, நான் இங்க கவுன்சிலரா இருக்கேன். நீங்க யாருக்காக வந்திருக்கீங்க?"
"எங்கப்பா. ஒரு நாதியும் பாக்கல."
"என்னாச்சுன்னு யாராவது வந்து சொன்னாங்களா?"
"ஒருத்தரும் சொல்லல!"
"நாலு மணி நேரமா சொல்லாதது எங்க தப்பு தான். உள்ள போய் கேட்டுட்டு அஞ்சு நிமிஷத்துல வர்றேன். நீங்க இங்கயே இருக்கீங்களா, தண்ணி குடிக்கறீங்களா?"

தப்பை ஒத்துக்கற அந்த ஒரு வாக்கியத்துக்கு ஸ்டாஃப் ரொம்ப பயப்படுவாங்க, கேஸ் ஆயிடுமோன்னு. தகவல் சொல்லாததைத் தான் ஒத்துக்கறோம், சிகிச்சையைப் பத்தி எதையும் ஒத்துக்கல, இந்த வித்தியாசத்தைப் பயிற்சியில நல்லா விளக்குங்க.

கையில ஆயுதம் இருந்தா, குடிபோதையில கூட்டமா வந்தா, உங்க உடம்பே பயத்தைச் சொன்னா, பேச வேண்டாம். வெளிய வந்துடுங்க, கதவைச் சாத்துங்க, அவுட்போஸ்ட் போலீஸைக் கூப்பிடுங்க. ஓடுனா டியூட்டியை விட்ட மாதிரின்னு நம்ம சிஸ்டர்களுக்கு ஒரு குற்ற உணர்ச்சி இருக்கு, அதனாலயே நின்னு அடி வாங்கறாங்க. "ஆபத்துன்னா இடத்தை விட்டு விலகலாம், நடவடிக்கை இல்ல"ன்னு டீன் கையெழுத்தோட ஒரு சர்குலர் வாங்கிக் குடுங்க. என் வாழ்க்கையில நான் செஞ்ச உருப்படியான வேலைகள்ல அது ஒண்ணு.

மனநலப் பிரச்சனை இருக்கற பேஷண்டைக் கட்டிப் போடறது பத்தியும் தெரிஞ்சிருக்கணும். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி தனியறையில அடைக்கறது கூடவே கூடாது, உடனடி ஆபத்தைத் தடுக்க வேற வழியே இல்லன்னா மட்டும் தான் கட்டலாம், அதுவும் பொறுப்பு மனநல டாக்டர் அனுமதியோட, ரெக்கார்டோட. தண்டனையா கட்டுனா அடுத்த தடவை அவர் இன்னும் வேகமா அடிப்பாரு. இங்கிலாந்துல சேஃப்வார்ட்ஸ்னு ஒரு முறை, மரியாதையா பேசறது, பேஷண்டைப் பத்தி ஷிப்ட் மாறும்போது நல்லதா ஒண்ணு சொல்றது மாதிரி பத்து சின்ன மாற்றம் தான், 2015ல வெளியான ஆய்வுல வார்டு மோதல்கள் 15 சதவீதம் குறைஞ்சுது.

ஏழாவது: சாவுச் செய்தி

இதுக்கு டாக்டர்களைத் தயார் பண்றது முழுக்க முழுக்க நம்ம பொறுப்பு. கெட்ட செய்தியை எப்படிச் சொல்றதுன்னு ஸ்பைக்ஸ்ங்கற ஆறு படி முறை 2000ல இருந்து உலகம் பூரா இருக்கு, நம்ம காஷுவால்டிக்கு நான் சுருக்கி சொல்லித் தர்றது இது. வராண்டாவுல சொல்லாதீங்க, ஒரு ஸ்டோர் ரூமைக் காலி பண்ணி நாலு நாற்காலி போட்டா கூட போதும். ஜூனியரைத் தனியா அனுப்பாதீங்க, பெரிய டாக்டர் ஒருத்தரும் சிஸ்டரும் சேந்து போகணும். குடும்பத்துல ரெண்டு மூணு பேரை மட்டும் உக்கார வைங்க. சாவுக்கு முன்னாடியே ஒரு தடவை சொல்லியிருக்கணும், "நிலைமை மோசமாகுது, இதயம் நின்னிருக்கு, முயற்சி பண்ணிட்டு இருக்கோம்"னு, அந்தப் பத்து நிமிஷ முன்னறிவிப்பு எவ்வளவோ செய்யும்.

சொல்லும்போது "இறந்துட்டாங்க"ங்கற வார்த்தையையே சொல்லுங்க. "முடிஞ்சத பண்ணிட்டோம்"னா சிலருக்கு அது புரியாது, சிலருக்கு அது தப்பிக்கற பேச்சா கேக்கும். சொல்லிட்டு வாயை மூடிக்கோங்க. அழட்டும், மார்ல அடிச்சுக்கட்டும், இது நம்ம ஊர் துக்கம், சத்தமா தான் இருக்கும், அதை வன்முறைன்னு நினைச்சு செக்யூரிட்டியைக் கூப்பிட்டா தான் வன்முறை ஆகும். அப்புறம் முகத்தைப் பாக்க விடுங்க, அதுக்கு முன்னாடி ட்யூப் ரத்தம் எல்லாம் துடைச்சு துணி போத்தி வைங்க. போஸ்ட்மார்ட்டம் வேணும்னா ஏன், எவ்வளவு நேரம், பாடி எப்ப கிடைக்கும்னு அந்த அறையிலயே சொல்லிடுங்க. நான் பாத்த மார்ச்சுவரி சண்டை பாதி, யாரும் நேரம் சொல்லாததால வந்தது தான்.

எட்டாவது: அடி விழுந்துட்டா

2024 ஆகஸ்ட்ல மத்திய சுகாதாரத் துறை ஆறு மணி நேரத்துக்குள்ள நிறுவனமே எஃப்.ஐ.ஆர். போடணும்னு சொல்லியிருக்கு, தமிழ்நாட்டுல ஆஸ்பத்திரி வன்முறையைத் தடுக்க வந்த 2008 சட்டப்படி மூணுல இருந்து பத்து வருஷம் வரை சிறை உண்டு. அடி வாங்குன பொண்ணு தனியா ஸ்டேஷனுக்கு அலையக்கூடாது, நிர்வாகம் தான் புகார் குடுக்கணும், நீங்க கூட நின்னு அதை நடக்க வைங்க.

அன்னிக்கே எல்லாரையும் வட்டமா உக்கார வச்சு "நடந்ததை ஒண்ணு விடாம சொல்லுங்க"ன்னு கேக்கறது நல்லதில்ல, கட்டாயமா ஒரே தடவை நடத்தற அந்த மாதிரி கூட்டம் பிற்பாடு வர்ற மனபாதிப்பைத் தடுக்கறதில்லன்னு ஆய்வுகள் சொல்லிடுச்சு. முதல் நாள் டீ, மாத்துத் துணி, வீட்டுக்கு போன், கூட ஒரு ஆளு, மிச்ச ஷிப்டுக்கு மாற்று டாக்டர். பேசணும்னா கேளுங்க, வேண்டாம்னா பக்கத்துல இருங்க. "நீ என்ன சொன்ன, அவன் அடிச்சான்?"னு யாரும் கேக்காம பாத்துக்கோங்க, சீனியர்களே கேப்பாங்க. மூணாவது நாள், ரெண்டாவது வாரம், ஒரு மாசம்னு திரும்பப் பாருங்க. ஒரு மாசம் தாண்டியும் அந்த அறைக்குள்ள போக முடியல, கனவு வருது, சத்தம் கேட்டா தூக்கிவாரிப் போடுதுன்னா மன அதிர்ச்சிக்கு முறையான ட்ராமா சிகிச்சை வேணும். ராத்திரி நேரத்துல பேச ஆளு வேணும்னா அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இருக்கு, தமிழ்லயும் பேசுவாங்க.

கடைசியா ரெண்டு விஷயம். அடிச்சவரைப் பாக்காமலே "அவருக்கு மனநோய்"னு பத்திரிகைக்கு சொல்லாதீங்க, மனநோய் இருக்கற பெரும்பாலானவங்க யாரையும் அடிக்கறதில்ல. அதே மாதிரி, ஒரு டாக்டர் ராத்திரி முழுக்க தனியா நூறு பேரைப் பாக்கற இடத்துல போய் "கம்யூனிகேஷன் ஸ்கில்" கிளாஸ் மட்டும் எடுத்துட்டு வந்துடாதீங்க, ஆள் பத்தலன்னு ரிப்போர்ட்டுல எழுதுங்க, அது நம்ம துறை இல்லன்னு யாரும் சொன்னாலும் எழுதுங்க.

ஆறு மாசம் கழிச்சு கணக்கு பாக்கும்போது ஃபார்ம் எண்ணிக்கை முதல்ல கூடும், அதைப் பாத்து நிர்வாகம் பயந்துடும், ஸ்டாஃப் இப்ப தான் எழுத ஆரம்பிச்சிருக்காங்கன்னு முன்கூட்டியே சொல்லி வைங்க. திட்டு எண்ணிக்கை கூடி, அடி எண்ணிக்கை குறையுதான்னு பாருங்க. நான் இருக்கற இடத்துல அரை மணி தகவலை முதல்ல பகல்ல மட்டும் தான் ஆரம்பிச்சோம். ரெண்டு மாசம் போனதும் நைட் டியூட்டி சிஸ்டர் ஒருத்தங்க என் ரூமுக்கு வந்து நின்னாங்க. "மேடம், அந்த ஆளை எங்களுக்கும் போடுங்க, ராத்திரி தான் எங்களுக்கு பயம்."